பதினேழாவது சீட்டு

காலை எட்டு ஐம்பது. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வீத்தெப்ஸ்க் கல்லூரி மாடிப்படியில் அலெவ்தினா ஷூவைக் கழற்றி, அதிர்ஷ்டத்துக்காக இடது குதிகாலுக்கடியில் ஐந்து கோபெக் காசை வைத்துக்கொண்டாள்.

"காசு எதுக்குடி? நாளுக்கொரு கேள்வின்னு அட்டவணை போட்டு முப்பது நாள் படிச்சியே!" என்றான் கணவன் ரோதியோன்.

"பதினேழாம் நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் தொடவே இல்ல."

"முப்பது சீட்டுல அதுவா வந்துடப் போகுது? போடி, பயந்தாங்கொள்ளி."

உள்ளே மாணவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கேள்விச் சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்துப் பரப்பிவிட்டுப் பேராசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மருத்துவமனையில் இருந்தார். இந்த ஆண்டு அவள்தான் தேர்வாளர்.

முதல் மாணவி ஒரு சீட்டை எடுத்துப் புரட்டினாள். முகம் மலர்ந்தது.

"பதினேழு! இது எனக்குத் தண்ணிபட்ட பாடு, மேடம். எங்கிருந்து கேக்கப் போறீங்க?"