தராசில் ஏறிய பலூன்

தொங்குதராசின் முள் குறைவாகக் காட்டியதும் தேயிலைத் தோட்டத்து மருத்துவமாது யோகராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தராசில் கிடந்த குழந்தையின் கையில் இரண்டு கேஸ் பலூன்கள் கட்டப்பட்டிருந்தன.

“போன மாசம் நிறை நல்லா இருந்துச்சு. அதனால மெலிஞ்ச புள்ளைகளுக்குக் குடுக்கிற திரிபோஷ சத்து மாவை நிப்பாட்டினேன். இப்ப பலூனைக் கட்டி நிறையைக் குறைச்சுக் காட்டுறியா சுலக்ஷனா?”

“ஐயோ, இல்லைங்க மிஸ். அழுவுறானேன்னு வாங்கிக் குடுத்தது.”

யோகராணி பலூன்களை அவிழ்த்தாள். முள் அசையவே இல்லை. காற்றைவிட லேசான அந்த வாயு ஒரு பிடி உப்பைத் தூக்கினாலே பெரிது. பிள்ளை உண்மையிலேயே மெலிந்திருந்தான்.

“அப்ப போன மாசம் எப்படி?”

சுலக்ஷனா தலை குனிந்தாள். “அதுக்கு முந்தின மாசம், புள்ளையைப் பட்டினி போடுறியான்னு எல்லார் முன்னாலயும் ஏசினீங்களே மிஸ். வெக்கமாப் போச்சு. அதான் போன தடவை கம்பளி ஜேர்சிக்குள்ள ஒரு கல்லை வச்சுக் கொண்டாந்தேன்.”

குளிருக்கு ஜேர்சியோடு நிறுக்கலாம் என்றவள் யோகராணிதான். மாவை நிறுத்தியவளும் அவள்தான். சுலக்ஷனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், நிறுக்கக் காத்திருந்த வரிசையின் பக்கம் திரும்பினாள்.

அங்கே நின்ற தாய்மாரில் மூன்று பேர், தங்கள் பிள்ளைகளின் ஜேர்சிக்குள்ளிருந்து எதையோ அவசரமாக எடுத்து ஒளித்துக்கொண்டிருந்தார்கள்.