தெரியல

கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் முகங்கள் திரையில் வந்து மறைந்தன. கண் தவறவிட்டதை உடம்பு அறிகிறதா என்பதுதான் பூங்கோதையின் ஆராய்ச்சி. கருவியைச் சரிபார்க்க இன்று அவளே உட்கார்ந்திருந்தாள். விரல்களில் வியர்வையை அளக்கும் கம்பிகள்; அந்த அளவு பக்கத்துத் திரையில் ஒரு கோடாக ஓடியது. ஒவ்வொரு முகத்துக்கும் உதவியாளர் ரெஜினா, "ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?" என்று கேட்க, "தெரியல" என்று பூங்கோதை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் கோடு எகிறிடுச்சு மேடம். கம்பி லூசா இருக்குமோ?"

"அந்தப் படத்தை நிறுத்திக் காட்டு."

அண்ணன். பேச்சு நின்றுபோன அண்ணன். போன தையில் பேருந்து நிலையத்தில் எதிரே வந்து, "பூவு" என்று கூப்பிட்டார். அவள் பேருந்தின் பெயர்ப்பலகையையே பார்த்தபடி ஏறிவிட்டாள். கூட வந்த கணவன் கேட்டபோது, "அங்கயா நின்னாரு? நான் கவனிக்கவே இல்லையே" என்றாள். சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள்.

"இந்தப் படமெல்லாம் எங்க எடுத்தே?"

"யாருக்கும் பழக்கமில்லாத முகமா வேணும்னீங்கல்ல. எங்க ஊர்ச் சுவர்ல ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லேருந்து எடுத்தேன்."

படத்தில் அண்ணன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளை ஒட்டி, வெட்டியது போக மிஞ்சிய ஒரு துண்டு பச்சைப் பட்டு. அவளுடைய கல்யாணப் புடவை.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?"

கம்பிகள் இன்னும் விரல்களில்தான் இருந்தன.

"தெரியல" என்றாள்.

பக்கத்துத் திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது.