எல்லைக்கல்லைத் தோண்டியவள்

அந்தந்த வீட்டுக் கதையையே அந்தந்த வீட்டு டிவியில் சீரியலாகப் போட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. பூலம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவள் வீட்டுச் சீரியலில் கதாநாயகிக்கு அவள் முகம். வில்லிக்கு அசல் அவள் ஓரகத்தி பேச்சித்தாயின் முகம். இரண்டு வீட்டு வயலுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல்லுக்கு வில்லி குறிவைத்த அன்றே, பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இன்று மத்தியானம் கல்லைத் தோண்டப்போகிற கட்டம். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் வீட்டு டிவி பழுதாகி அணைந்தது. பூலம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே குடும்பம், அங்கேயும் இதே கதைதான் ஓடும் என்று, சண்டையை மறந்து பேச்சித்தாய் வீட்டுக்குள் ஓடினாள்.

“தோண்டிட்டாளா?”

பேச்சித்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இப்பதான் மம்பட்டியத் தூக்குதா, சண்டாளி!”

“அவ கைய முறிக்கணும்!” என்று பூலம்மாள் கத்தினாள்.

வில்லி திரும்பினாள். பூலம்மாளின் எட்டுக்கல் மூக்குத்தி, பூலம்மாளின் முகம்.

பேச்சித்தாய் பதறிப்போய் டிவியை அணைத்தாள். மெதுவாகக் கேட்டாள்: “ஒங்க வீட்டு டிவில தோண்டுதது யாரு, அக்கா?”

“நீதாம்ட்டீ.”

இருவரும் ஒரே ஓட்டமாக வயலுக்கு ஓடினார்கள். எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கரையான் புற்று வளர்ந்திருந்தது. வருஷக்கணக்காக ஒரு கையும் அதைத் தொட்டதில்லை.

பேச்சித்தாய் அழுதேவிட்டாள். பூலம்மாள் அவள் கையைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்தாள்.

“அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். வெரசா வாட்டீ, தோண்டுனதுக்கு என்னைய என்ன பண்ணுதாங்கன்னு பாக்கணும்!”