பாட்டில் செத்த சில்வஸ்டர்

பாட்டில் தன் பெயர் வந்ததும் சில்வஸ்டர் அப்படியே நின்றுவிட்டான்.

சும்மா நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தோணியார் சப்பரத்தின் முன்கம்பு அவன் தோளில் இருந்தது. பக்கத்துக் கம்பு என் தோளில். பேக்டரி மேட்டில் ஆனி மாதத்துச் சேறு. பின்னால் தூக்கியவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

"கேரளம் போன சில்வஸ்டரு, கேட்பாரில்லாமச் செத்தாரய்யா" என்று பாட்டுக்காரி வேலாமணி இழுக்க, ஊரே "மோட்சம் தாரும் அந்தோணியாரே" என்று பாடியது. பழக்கதோஷத்தில் சில்வஸ்டரும் சேர்ந்து பாடித் தொலைத்தான்.

எங்கள் திருவிழாப் பாட்டில் ஊரில் செத்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அடி உண்டு. இவன் மரம் அறுக்கப் போகிறேன் என்று போனவன், இரண்டு வருஷம் ஒரு கடுதாசி போடவில்லை. போன திருவிழாவில் பாட்டில் ஏறிவிட்டான். தவக்காலத்தில் கன்னம் உப்பி, முன்னைவிட நன்றாகத் திரும்பி வந்தான்.

அவன் பெண்சாதி பிலோமினா கதவைத் திறக்கவில்லை. ஊரறியச் செத்தவரை எப்படி உள்ளே விடுவது என்று கேட்டாள். நியாயம்தானே? அன்றிலிருந்து என் வீட்டில்தான் படுக்கை. என் கம்பளியும் போயிற்று.

பாட்டிலிருந்து இறங்கினால்தான் வீட்டில் ஏற முடியும். அதனால்தான் இன்று கம்புக்கு வந்தான். செத்தவன் சாமி தூக்குவதைப் பார்த்தாவது வேலாமணி அடியை மாற்றுவாள் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

"ஏனுங்க, உசுரோட நிக்கறேன். என்ற பேரை எடுத்துப்போடுங்க," என்றான்.

வேலாமணி மாரியம்மன் கோயிலுக்கும் பாடுகிறவள். முறை தப்பமாட்டாள். "பேர் குடுத்த ஊட்டுக்காரங்க சொன்னாத்தான் எடுக்க முடியுமுங்க," என்றாள்.

எந்த எடுபட்டவன் கொடுத்தது என்று சில்வஸ்டர் கத்தினான். வேலாமணி பெண்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே பிலோமினா மெழுகுவர்த்தி அணையாமல் கை பொத்தி நின்றிருந்தாள். சில்வஸ்டர் அவளையே பார்த்தான்.

மழை வலுத்தது.

"அடுத்த அடியப் பாடுங்கக்கா," என்றாள் பிலோமினா. "அந்தோணியாரு நனையறாரு."