அது இல்லீங்க

ஆஸ்திரேலியாவின் லாங்ரீச் ஊரில் மெர்வின் வீட்டு வாசலை இரண்டு மாதமாகத் தபால்காரர்கூட மிதிக்கவில்லை. ஆனால் காலைத் தேநீரோடு கணினியைத் திறந்தால் ரோஸ்லின் இருப்பார்.

பழைய படப் பாட்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் இணையக் குழு அது. நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டிலிருந்து ரோஸ்லின் ஒரு மெட்டை முணுமுணுத்துப் பதிவு போட்டிருந்தார். “காருக்குள்ள உக்காந்தே படம் பார்த்த காலத்துல கேட்டது. எந்தப் படம்னு சொல்லுங்களேன்!”

மெர்வின் தினம் ஒரு படத்தின் பெயரை எழுதுவார்.

“அது இல்லீங்க மெர்வின், இதுல வயலின் வரும். அங்க வெயில் எப்படி?”

“முட்டையை வெளிய வெச்சா வெந்துடும். உங்க முழங்கால் வலி?”

இப்படியே முப்பத்தொரு நாள் ஓடியது.

இன்று யாரோ ஒரு புதியவன் நடுவில் புகுந்து, படத்தின் பெயரோடு பாட்டையும் போட்டிருந்தான். “இதுகூடத் தெரியலையா, பெருசுகளா?”

மெர்வினுக்குத் தேநீர் கசந்தது. கேட்டவர் ‘இதேதான்’ என்று சொல்லிவிட்டால், கேள்வியைப் பூட்டிவிடுவது குழுவின் வழக்கம். அப்புறம் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது.

விடை சரிதான். முதல் நாள், முதல் முணுமுணுப்பிலேயே மெர்வினுக்கு அது தெரியும். அந்தப் படத்தை ஆறு வாரம் ஓட்டிய ஆபரேட்டரே அவர்தான்.

பாட்டைக் கேட்டுவிட்டு ரோஸ்லின் பதில் போட்டார்.

“ரெண்டு தடவை கேட்டேன் தம்பி, அது இல்லவே இல்ல. மெர்வின், நாளைக்கு வேற ஏதாவது யோசிச்சிட்டு வாங்க.”