யாருக்காவது சந்தேகம்?

"யாருக்காவது சந்தேகம் இருக்கா? வெட்கப்படாம கேளுங்க."

ராம்ப்ரஸாத் மூன்றாவது தடவையாகக் கேட்டான். பயிற்சிக்கு வந்திருந்த ஆராய்ச்சியாளர்கள் தொப்பை பெருத்த மானிட்டர்களை அணைத்துவிட்டுப் பைகளை மாட்டிக்கொண்டார்கள்.

"இல்ல சார். தேங்க்ஸ் சார்."

அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அறை காலி.

சாயங்காலம் நிலைமை வேறு. மத்தியான வகுப்பை முடித்துவிட்டு வந்த சக ஆசிரியன் குரு, வாசலில் நிறுத்தியிருந்த தன் வண்டியை எடுக்க முடியாமல் திண்டாடினான். சுற்றிலும் அதே கூட்டம். "சார், ஒரு நிமிஷம் சார்", "சார், அந்தக் கடைசிப் பாயின்ட்டு சார்" என்று ஆளாளுக்கு அவனை மொய்த்தார்கள். மாடி ஜன்னலில் நின்று இதைப் பார்த்த ராம்ப்ரஸாத் கதவைப் படாரென்று சாத்தினான்.

ஆன்டாலஜி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு துறையில் என்னென்ன இருக்கிறது, எது எதன் வகை, எது எதன் பகுதி என்று கணிப்பொறிக்குப் புரிகிற மாதிரி எழுதிவைப்பது. அப்படி எழுத உதவுகிற 'இழை' என்ற மென்பொருளைக் கண் பூத்துப்போக உட்கார்ந்து எழுதியவன் ராம்ப்ரஸாத். காலையில் அதைச் சொல்லித்தருபவனும் அவனே. மத்தியானம் வெறும் கொள்கை பேசுபவன் முசரவாக்கத்துக் குரு. சமைத்தவனை விட்டுவிட்டுப் பரிமாறினவனைக் கொண்டாடுகிறார்களே!

இயக்குநர் அம்ருதவல்லி வேறு வயிற்றெரிச்சலில் நெய்யை ஊற்றியிருந்தார்.

"அடுத்த மாசம் பூனா, அப்புறம் ஹைதராபாத். பயிற்சி குடுக்க ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். குரு கிளாஸைப் பார்த்துட்டேன். நாளைக்கு உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல உட்காரப்போறேன்."

சின்ன காஞ்சிபுரம் வீட்டில் அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

"அப்படி என்னத்தைச் சொல்றான்னு இவாள்ளாம் அவன் பின்னாடியே ஓடறா, சுபத்ரா? என்னை ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாளா?"

"பொறாமையா?" என்றாள் மனைவி.

"எனக்கா? அந்தப் பயல் மேலயா? சீ!"

"காபி தளும்பறது. டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சொல்லுங்கோ."

டம்ளரைக் கீழே வைத்தான். அன்று மத்தியானம் குருவின் வகுப்புக் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டது ஞாபகம் வந்தது. "இருப்பது என்பதன் இருப்புநிலையை முறைசார் குறியீட்டுத் தளத்தில் வரையறுத்தால்..." என்று என்னவோ கடல் மாதிரி போய்க்கொண்டிருந்தது. ரகசியம் பிடிபட்டுவிட்டது! மரியாதை அங்கேதான் இருக்கிறது. தான் என்ன செய்கிறோம்? 'முந்தி என்பது புடவையில் ஒரு வகையா, புடவையின் ஒரு பகுதியா? பகுதின்னா இந்தப் பொத்தானை அமுக்குங்க' என்று எல்.கே.ஜி. பாடம் நடத்துகிறோம். எவன் மதிப்பான்?

குருவுக்கு அந்த ஆழம் என்றால், தர்க்க சாஸ்திரத்தில் ஊறிய குடும்பத்தில் பிறந்த தனக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்!

மறுநாள் காலை அம்ருதவல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ராம்ப்ரஸாத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"முந்திக்கும் புடவைக்கும் உள்ளது ஸமவாய ஸம்பந்தம். அதாவது, அவயவ அவயவிகள் அயுதஸித்தங்கள். இதில் புடவைத்தன்மை என்கிற ஸாமான்யம் எங்கே நிற்கிறது?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாக்கள் அப்படியே நின்றன. அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. தாத்தா உயிரோடு இருந்தால் கட்டிக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"யாருக்காவது சந்தேகம்?"

"சார்!" "சார், எனக்கு!" "எனக்கும் சார்!"

நாற்காலிகள் கிரீச்சிட்டன. மேஜையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் யார் நிற்பது? சாட்சாத் அம்ருதவல்லி! இயக்குநரே சந்தேகம் கேட்க நிற்கிறார்! வாசல் பக்கம் குரு டிபன் பாக்ஸும் கையுமாகத் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ராம்ப்ரஸாத்துக்கு அவன்மேல் சட்டென்று அன்பு பொங்கியது. ஜெயித்தவனுக்கு வருகிற அன்பு.

"உள்ள வாங்க குரு, உட்காருங்க. இவங்க என்னை இப்போதைக்கு விட மாட்டாங்க போலிருக்கு" என்று சலித்துக்கொண்டான், வாயெல்லாம் பல்லாக. "ஒவ்வொருத்தரா கேளுங்கப்பா. துளசி, நீங்க முதல்ல."

கூரத்திலிருந்து வரும் துளசி, தறி பற்றி ஆராய்ச்சி செய்பவள், தயங்கினாள்.

"கோச்சிக்காதீங்க சார். குரு சார் கிளாஸ்ல ஒண்ணுமே புரியாது, அதான் தெனமும் வண்டி வரைக்கும் அவரத் தொரத்திக்கினு போவோம். உங்க கிளாஸ்ல எல்லாம் அங்கியே புரிஞ்சிடும், கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இன்னிக்கு என்னா சார் ஆச்சு உங்களுக்கு?"

கூட்டம் விலகி வழிவிட, அம்ருதவல்லி முன்னால் வந்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், ராம்ப்ரஸாத். உங்க கிளாஸ்தான் புரியுதுன்னு இவங்க எல்லாரும் சொன்னதைக் கேட்டு நேத்தே உங்க பேர்ல போட்ட பூனா டிக்கெட்டை வெச்சுக்கறதா, கேன்சல் பண்றதா?"