லண்டன் அலுமாரி

ஒற்றைக் கைப்பிடி வைத்த பீங்கான் சட்டி, பழைய அலுமாரியின் இழுப்பு லாச்சிப் பலகையின் வட்டத் துளைக்குள் அளவெடுத்ததுபோல் இறங்கியது. பாலாம்பிகைக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டி நிறையப் பாயசத்தை ஊற்றினார்.

"மாமி, அதில சாப்பாடு வேண்டாம்," என்றாள் அப்போதுதான் வேலையால் வந்த மருமகள் நிருஷா. "சொன்னாக் கேளுங்கோ. அது..."

"ஏன், கறை பிடிச்சிடும் எண்டோ? உள்ளுக்குக் கிடந்த சட்டிதானே, நல்லாக் கழுவிப்போட்டன். விருந்து நாளில வாய் காட்டாத."

நிருஷா பழைய தளபாடங்களைத் திருத்துபவள். அடுத்த மாதம் ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் சொந்தக் கடை திறக்கிறாள். அதன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவேண்டியது இந்த அலுமாரிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் தச்சர் செய்த மஹோகனிச் சாமான். மேலே இரண்டு கதவுகள், கீழே ஒரு லாச்சி. இழுத்தால் லாச்சி முன்கால்களோடு வெளியே வந்து முக்காலி உயரத்தில் நிற்கும்.

'பழைய விறகு' என்று இதை வீட்டு நடையில் தள்ளிவைத்திருந்தவரும் பாலாம்பிகைதான். லண்டன் சாமான் என்று காதில் விழுந்த அன்றே விறகு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. நிருஷா கணவன் தபோதரனிடம் முறையிட்டும் பலனில்லை. அம்மா பேசினால் அவன் கைபேசிக்குள் போய்விடுவான்.

விருந்தினர் வந்தார்கள். எதையும் இலேசில் மெச்சாத சந்திரகாந்தியே அலுமாரியைத் தடவித் தடவிப் பார்த்தார், பாயசமும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பாலாம்பிகை உச்சி குளிர்ந்து போனார்.

"இது என்ர மகள் நிலக்சியின்ர புது வீட்டுக்கு. சனிக்கிழமை வந்து ஏத்துவினம்."

"அது என்ர, மாமி. என்ர கடைக்கு வாங்கினது."

"என்ர வீட்டில நிக்கிற சாமான் எல்லாம் என்ர. பிடிக்காட்டி நீயும் வெளியால போகலாம்."

அத்தனை பேர் முன்னால் நிருஷாவுக்குக் காது சுட்டது. தபோதரன் நிமிரவேயில்லை.

சந்திரகாந்தி கோப்பையை வழித்துக்கொண்டே கேட்டார். "சட்டிக்கெண்டே துளை போட்டுச் செய்திருக்கிறான். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இதைச் சாப்பாட்டறையிலயோ வைச்சிருந்தவை?"

பாலாம்பிகை வாயெடுக்குமுன் நிருஷா முந்திக்கொண்டாள்.

"படுக்கையறையில, அன்ரி. இது அவையின்ர கக்கூஸ்."